ஐந்தரை மணிப் பசி

ஆரியங்காவு ரயில்வே கேட்டை ஒட்டிய ஓட்டலில்
மாலை ஐந்தரைக்குச் சோறு கேட்பவள்
நான் ஒருத்திதான்.
"ஊணு கழிஞ்ஞு சேச்சி. மூணு மணிக்கே கழிஞ்ஞு.
இனி ஏழரைக்கு."
இரண்டுக்கும் நடுவில் இந்த ஊரில்
பழம்பொரி மட்டுமே செல்லுபடியாகும்.

புனலூர் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து
செங்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வயிறு இது.
ஊர் திரும்பிப் பதினோரு மாதம்.
ஆனாலும் ஒன்பது வருஷம் ஹல் நகரத்தில் பழகியது.
ஐந்தரை அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு டின்னர் என்று பெயர்.
ராத்திரிச் சாப்பாட்டுக்கு டீ என்று பெயர்.
டீக்கு?
அதற்கும் டீதான்.

போன புதிதில் மொரீன் கூப்பிட்டாள்,
வியாழக்கிழமை டீக்கு வா என்று.
டீதானே,
நாலரைக்கே அறையில் ரசஞ்சோறு முடித்துவிட்டு
பிஸ்கட் பொட்டலத்தோடு போய் நின்றேன்.
மேஜையில் மசித்த உருளைக்கிழங்கு, சாசேஜ், பட்டாணி,
குழிப்பணியாரத்துக்குப் பெரியப்பா மகன் போல ஒன்று.
புட்டிங் என்றார்கள். இனிக்கவில்லை.
அதன் குழியில் பழுப்பாய்க் குழம்பு ஊற்றினார்கள்.
தொண்டை வரை ரசஞ்சோறு.
அதற்கு மேலே ஒரு குடும்பத்தின் மரியாதை.

முடிந்தவரை விழுங்கிவிட்டு
கத்தியைத் தட்டின் இந்தக் கரையிலும்
முள்ளை அந்தக் கரையிலும் சாய்த்தேன்.
போதும் என்று எனக்கு அர்த்தம்.
இன்னும் சாப்பிடுகிறேன் என்று அவர்களுக்கு.
யாரும் தட்டை எடுக்கவில்லை.
மொரீனின் கணவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை;
பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.
இருபது நிமிஷம் மழையைப் பற்றிப் பேசினோம்.
கஸ்டர்டில் ஆடை கட்டியது.
கடைசியில் அவர்கள் பேத்தி, ஆறு வயசு,
எட்டி வந்து என் கத்தியையும் முள்ளையும்
ஆறரை மணி முட்களாய்ச் சேர்த்துப் படுக்கவைத்தாள்.
எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

பிறகு கற்றுக்கொண்டேன்.
கற்றுக்கொண்டதை ஒரே ஒரு நாள் மீறினேன்.
எர்னஸ்ட். இருபத்தேழாம் கட்டில்.
மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்து வரை போனவர்.
கை நடுங்கி, பட்டாணி முள்ளில் நிற்காமல் உருண்டோடும்.
ஊட்ட ஸ்பூனை எடுத்தால் வாயை இறுக்கிக்கொள்வார்,
குழந்தைக்குக் கொடுப்பது அது என்று.
மூன்று நாள் தட்டு போனபடியே திரும்பியது.
நாலாம் நாள் திரையை இழுத்துவிட்டு
நீல ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு
கிழங்கு, பட்டாணி, குழம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்தேன்,
அடியிலிருந்து, கட்டியில்லாமல், சோற்றைப் பிசைவது போலவே.
உருட்டி நீட்டினேன்.
என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.
வாயைத் திறந்தார்.
ஆறாவது உருண்டைக்குப் பிறகு சொன்னார்,
உப்பு போதவில்லை.

ஹெட் நர்ஸ் திரையை விலக்கினாள்,
நின்றாள்,
திரும்ப மூடிவிட்டுப் போனாள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
'உதவியுடன் உண்டார். முக்கால் தட்டு.'
எந்த உதவி என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே ஓட்டல்கார தாஜுதீனுக்கு
என்ன தோன்றியதோ,
தன் வீட்டுக்கு ஒதுக்கிய கப்பையும் மத்திக் கறியும்
பையன் பிபினிடம் கொடுத்தனுப்பினார்.
நர்ஸ் என்பதால் கூடவே ஒரு ஸ்பூன்.
கையால்தான் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.
உப்பும் சரி.
முடித்ததும், தொடவே தொடாத அந்த ஸ்பூனை
இடக்கை தானாக எடுத்து
தட்டில் ஆறரைக்கு நேராக வைத்தது.

பிபின் வந்தான். ஸ்பூனைப் பார்க்கவில்லை.
காலித் தட்டைப் பார்த்தான்.
"கப்ப இனியும் உண்டு சேச்சி" என்று
பதிலுக்கு நிற்காமல் ஒரு கரண்டி போட்டான்,
ஸ்பூன் மேலேயே.

செங்கோட்டை பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.
அடுத்தது ஏழு மணிக்கு.